கடைமடையில் ஓர் ஆள்வினை

(கீழ்வேளூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்துக் காரியதரிசி அவர்கள் எம்மிடம் வந்து, இம்மாதக் கூட்டத்தில் இலக்கியம் பற்றி ஏதேனும் பேச வேண்டுமெனப் பணித்தார்கள். பணியை ஏற்றுக்கொண்டோம், பொருளை மட்டும் மாற்றிக்கொள்ள அவர்பால் இசைவு பெற்றோம். இலக்கியம் வாழ்க்கையினின்று பிறப்பது. அவ்வாழ்க்கையோ நிலத்தினின்று பிறப்பது. ஆதலின் இன்று நூலை விட்டு நிலத்தைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அதுவும் தொலைவிலுள்ள நிலமன்று. நம் காலடியில் உள்ள இக்கீழ்வேளூர் வட்டத்து நிலமேயாம்.

இவ்வூரை அடுத்த கூத்தூரில் ஓர் ஆசிரமம் உளது. அங்கிருந்துகொண்டு ஓர் அம்மையாரும் அவர்தம் கணவரும் நிலமில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஏக்கர் நன்செய்யை உரிமையாக்கித் தந்தனர். நம் நாட்டு அளவையில் கூறுமிடத்து, ஏறக்குறைய 2,000 வேலி. இதனை 2008-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் அறிந்து, 'வாழ்வுரிமை விருது' என்னும் பெரும் பரிசிலை அவ்விருவர்க்கும் வழங்கினர். எம் வகுப்பில் இவர்கள் பெயரைச் சொல்லி, யார் என்று வினவிய காலத்து, விடை பகர்ந்தார் இருவர் மூவரே. கடல் கடந்தார் அறிந்ததை நம் சிறுவர் அறியாமை முறையன்று. அக்குறையைச் சிறிதேனும் நீக்குதல் இன்று எமது நோக்கமாகும்.

ஆள்வினை என்னும் சொல்

இக்காலத்தார் 'சமூகத் தொழில்முனைவோர்' என்று ஒரு புதிய தொடரை வழங்குகின்றனர். தொடர் புதிது, பொருள் பழையது. திருவள்ளுவனார் 'ஆள்வினையுடைமை' என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆள்வினையாவது, இடையூறு வந்தவிடத்தும் தளராது ஒரு காரியத்தைக் கடைபோக நடத்தும் முயற்சி. அம்முயற்சியைத் தன் வீட்டின் பொருட்டுச் செய்பவன் வணிகன். ஊரின் பொருட்டுச் செய்பவனே இப்புதுத் தொடர் குறிக்கும் ஆளாவான்.

பசித்தவனைக் கண்டு இரங்கிச் சோறிடுவார் ஒருவகையார். அவர் அறம் சிறந்ததே. ஆயினும் நாளையும் அவன் பசிப்பான். நாளையும் இடல் வேண்டும். பசித்தவனைக் கூட்டிக்கொண்டு அரசை நோக்கி முழங்குவார் மற்றொரு வகையார். அதுவும் வேண்டப்படுவதே. மூன்றாம் வகையாரோ, அப்பசி எங்கிருந்து வருகின்றது எனத் தேடி, அதன் வேரை அறுத்தற்குரிய ஓர் ஏற்பாட்டை அமைத்து, கணக்கெழுதி, கடன் பெற்று, கடனை அடைத்து, அவ்வேற்பாடு தம் கையின்றியும் ஓடும்படி செய்து வைப்பார். 1864-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டில் ரைபைசன் என்பார் குடியானவர்க்கென்று கடன் சங்கம் கண்டதும், 1922-ல் தாகூர் பெருமான் ஸ்ரீநிகேதனத்தில் கிராமப் பணி தொடங்கியதும், 1958-ல் இலங்கையில் ஆரியரத்தினா அவர்கள் சிரமதான இயக்கம் எடுத்ததும், 1983-ல் வங்க தேசத்தில் யூனுஸ் அவர்களின் முயற்சி கிராம வங்கியாய் உருப்பெற்றதும் எல்லாம் இம்மூன்றாம் வகையின்பாற்படும். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கார் நம் வட்டத்திலும் தோன்றினர் என்பதே யாம் கூறப் புகுந்தது.

நிலமும் நிலைமையும்

கேடிலியப்பர் எழுந்தருளியிருக்கும் இவ்வூரின் பழம்பெருமையை நீவிர் அறிவீர். மாடக்கோயில் எடுத்த கோச்செங்கட் சோழனை இன்றும் போற்றுகின்றோம். ஆனால் கோயிலைச் சூழ்ந்த வயலில் இறங்கி நின்றவர் யாவர், அவர் உண்டது யாது என்பதை வரலாறு விரித்து எழுதவில்லை.

நம் பக்கம் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் நீர் திறந்தாலும், தலைமடை நனைந்து, இடைமடை நிறைந்து, அதன் பின்னரே இங்கு வாய்க்காலில் ஈரம் காணும். குறுவை பெரும்பாலும் கனவு, சம்பாவே நனவு. மழை மிகுந்தால் முழுகும், குறைந்தால் காயும், கிழக்கே கடல் உவர்ப்பைக் கொணர்ந்து நிற்கும். இத்தகைய மண்ணில் நெல் விளைந்ததென்றால், அது சேற்றில் நின்றவர் உழைப்பாலேயாம். ஆயினும் அவருக்கு அம்மண்ணில் ஒரு குழியும் இல்லை. பல வேலி நிலம் சிலர் கையிலும், கோயில் மடம் முதலிய அறக்கட்டளைகள் பெயரிலும் இருந்தது. உழுதவர் பண்ணையாள் எனப் பெயர் பெற்றனர். அவர் குடியிருந்த மனையும் பண்ணைக்கே உரியது. 'வெளியேறு' என ஒரு சொல் பிறந்தால், வேலையும் வீடும் ஒருங்கே போகும். 1952-ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 30 தர ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970-ல் 15 ஆயிற்று. சட்டங்கள் ஏட்டில் ஏறின. நிலமோ பினாமிப் பெயர்களில் புகுந்து ஒளிந்துகொண்டது.

மறக்கலாகாத நாள்

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு நம் வட்டத்துக் கீழ்வெண்மணியில் நிகழ்ந்ததை இவ்வவையில் மெல்லிய சொற்களால் மூடிச் சொல்லுதல் தகாது. கூலியாக அளக்கும் நெல்லைச் சிறிது கூட்டித் தருக என்றும், தாம் சேர்ந்த சங்கத்தை விடமாட்டோம் என்றும் சொன்ன உழைப்பாளிகளுடைய சேரி தாக்கப்பட்டது. அஞ்சி ஒரு குடிசையுட் புகுந்தவர் தீயிடப்பட்டனர். மாண்டவர் 44 பேர். அவருட் பெரும்பாலார் பெண்டிரும் குழந்தைகளும். குற்றஞ் சாட்டப்பெற்ற நிலக்கிழார்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1969-ல் கீழ்த்தஞ்சைக்கென நியாயக் கூலிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கூலி சிறிது உயர்ந்தது, மாண்டவர் மீளவில்லை.

நாம் எச்சாதியினராயினும், நமக்கு நிலம் உண்டாயினும் இல்லையாயினும், அத்தீயின் வெம்மை நம்மேல் படவில்லை என்று சொல்லிக்கொள்ள இயலாது. நம் ஊரில் விளைந்த நெல்லை உண்டவர் யாவரும் அவ்வழக்கில் ஒரு பங்காளரே.

அச்செய்தி கேட்டு இங்கு ஓடி வந்தவருள் ஒருவர் கிருஷ்ணம்மாள் அம்மையார். வந்தார் பலர் திரும்பினர்; அம்மையார் தங்கிவிட்டார்.

இருவர்

அம்மையார் 1926-ஆம் ஆண்டில், அந்நாள் மதுரை ஜில்லாவைச் சேர்ந்த அய்யன்கோட்டையில், நிலமில்லாத ஆதிதிராவிடக் குடியில் பிறந்தவர். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். தாயார் நாகம்மாள் கூலி வேலை செய்து மக்களைக் காத்தார். கருவுற்ற நிலையிலும் வயலில் நின்று உழைத்த அத்தாயைக் கண்ட கண்களே, பிற்காலத்தில் நம் கடைமடைத் தாய்மாரைக் கண்டன. டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவால் மதுரையில் கல்வி கற்றுப் பட்டமும் பெற்றார். ஒரு குடிசையில் பிறந்த பெண் அந்நாளில் பட்டம் பெறுதல் எளிய செய்தியன்று. பட்டம் பெற்றபின் உத்தியோகம் தேடிச் செல்லாமை அதனினும் அரிய செய்தியாம்.

கணவர் சங்கரலிங்கம் ஜகந்நாதன் அவர்கள் 1914-ல் இராமநாதபுரம் பகுதியில் செல்வக் குடியில் பிறந்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு 1930-ல் கல்லூரியை விட்டவர். கெய்தான் என்னும் அமெரிக்கப் பாதிரியாருடன் ஏழைகளிடையே பணி செய்தவர். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றவர். விடுதலை பெற்ற நாட்டிலேயே மணம் புரிவோம் என்று காத்திருந்து, 1950-ல் இவ்விருவரும் மணந்துகொண்டனர். சாதியும் செல்வமும் கடந்த மணம் அது. இதனை வாயால் புகழ்வாரும் தம் வீட்டில் நிகழுமிடத்து முகம் சுளிப்பர் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

தானமும் விலையும்

இவர்கள் முதலில் கைக்கொண்டது பூமிதான இயக்கம். 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் தெலுங்கானத்துப் போச்சம்பள்ளியில் ஏழைகள் நிலம் கேட்க, இராமச்சந்திர ரெட்டி என்பார் 100 ஏக்கரைத் தாமே முன்வந்து தர, அதனின்று பிறந்தது அவ்வியக்கம். வினோபா அடிகள் நாடெங்கும் நடந்தார். 1956, 1957-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் நடந்தார். ஐந்து கோடி ஏக்கர் வேண்டுமென்றார். நாற்பது இலட்சத்திற்கு மேல் வந்தது.

ஆயின் தானமாய் வந்த நிலத்துட் பெரும்பகுதி பாறையும் பொட்டலுமாய், அன்றி வழக்கில் சிக்கியதாய் இருந்தது. நல்ல நிலமும் பல இடங்களில் ஏழையின் கையை அடையவே இல்லை. கொடுத்தவர் மனம் மாறினார், அவர் மக்கள் மறுத்தனர், பத்திரம் எழுதுவாரில்லை, எழுதினும் ஏர் வாங்கப் பணமில்லை. இதனை நேரிற் கண்டவர் ஜகந்நாதன் தம்பதியர். ஒருவருடைய இரக்கம் ஓரிரவில் பிறந்து ஓரிரவில் மறையலாம். பதிவு செய்யப்பெற்ற பத்திரம் மறையாது. எனவே கீழ்த்தஞ்சைக்கு வந்த பின் இவர்கள் சிந்தை வேறு வழியிற் சென்றது.

தொடக்கத்தில், பினாமியாகவும் அறக்கட்டளையின் பெயராலும் பதுங்கியிருந்த நிலங்களை வெளிக்கொணரச் சத்தியாக்கிரகம் செய்தனர்; ஊர் ஊராய் நடந்தனர்; உண்ணா நோன்பிருந்தனர்; சிறை புகுந்தனர். ஏழைப் பெண்டிர் முன்னணியில் நின்றனர். எனினும் ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் ஒவ்வொரு போராட்டம் என்றால், ஓர் ஆயுள் போதாது. அதனால் 1981-ஆம் ஆண்டில் 'உழுபவர்க்கு நில விடுதலை' என்னும் கருத்துடைய 'லாப்டி' என்ற அமைப்பை நிறுவினர்.

செய்த முறை

அம்முறை மிக எளியது. எளியதாதலாலேயே அதற்கு முன் ஒருவர்க்கும் தோன்றவில்லை போலும். நிலமுடையாரையும் நிலமில்லாரையும் எதிரெதிர் வைக்காது ஒரே பாயில் அமர்த்தினர். விலை பேசினர். ஏழைக்கு வங்கியிற் கடன் வாங்கித் தந்து, நியாய விலைக்கு நிலத்தை வாங்கி, குடும்பம் ஒன்றுக்கு ஓர் ஏக்கர், அதாவது மூன்று மா, என்று பங்கிட்டனர். விளைவினின்று தவணையாகக் கடனை அடைக்கச் செய்தனர்.

நிலமுடையார் இசைந்தது ஏன் எனச் சிலர் வினவலாம். காரணம் மறைவானதன்று. 1970-ஆம் ஆண்டுகளிலிருந்தே நம் பக்கத்து நிலக்கிழார் வீட்டு மக்கள் கல்வி கற்றுச் சென்னைக்கும் பம்பாய்க்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். இங்கே முதியவர் தனித்து, கூலித் தகராறும் குத்தகை பாக்கியும் வழக்குமாய் அயர்ந்து போயினர். அவர்க்கும் விற்க விருப்பம் உண்டு. மொத்தமாய் வாங்குவார் இல்லை. உழுகின்றவரிடமோ பணம் இல்லை. இவ்விரு முனையையும் முடிபோட ஒரு நம்பிக்கையுள்ள கை வேண்டியிருந்தது. தமக்கென்று ஒரு குழியும் வேண்டாத ஒருவர் நடுவில் நின்றால், இரு திறத்தாரும் நம்புவர். அம்மையாருடைய முதல் அவ்வெறுங்கையே.

ஆயினும் வங்கியார் எளிதில் இசைந்திலர். ஈடு இல்லாதார்க்குக் கடன் இல்லை என்பது அவர் முறை. பத்திரப் பதிவிற்கான முத்திரைக் கட்டணமோ ஏழையின் கழுத்தை நெரித்தது. அம்மையார் அலுவலகம் அலுவலகமாய் ஏறியிறங்கி, அரசினரிடம் மன்றாடிக் கட்டணச் சுமையைத் தளர்த்தச் செய்தார், வங்கிகளையும் இசைவித்தார். போர்க்களத்தில் காட்டும் வீரத்தை நாம் பாடுகின்றோம். அலுவலகத் திண்ணையில் நாட்கணக்காய்க் காத்திருந்து, 'நாளை வா' என்ற சொல்லை முகமலர்ச்சியோடு ஏற்று, மறுநாளும் சென்று நிற்கும் வீரத்தைப் பாடுவார் இல்லை. ஆள்வினை என்பது பெரும்பாலும் அத்திண்ணையிலேயே நிகழ்வது.

இங்குத் தாய்மார்கள் கருத்தூன்றிக் கேட்கத்தக்கது ஒன்றுண்டு. நிலத்தை வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே எழுதுவித்தனர். ஆடவன் பெயரில் எழுதிய நிலம் கள்ளுக்கடைக்கும் கடன்காரனுக்கும் வழி தேடிக்கொள்ளும்; பெண்ணின் பெயரில் எழுதிய நிலம் அடுப்பங்கரைக்கே வழி தேடும். நடவு நட்டவளும், களை பறித்தவளும், கதிர் அரிந்தவளும் அவளே. நாற்று முடியை வரப்பில் நின்று வாங்கியவள் வரப்புக்கே உரியவளாயினாள்.

நிலம் கிடைத்தவுடன் ஊர் தானே எழுந்துவிடாது என்பதையும் இவர்கள் அறிந்திருந்தனர். கடைமடையில் ஓராண்டிற் பல மாதம் வயலில் வேலை இல்லை. அம்மாதங்களிலேயே பட்டினியும் கடனும் வரும். அதனால் பாய் நெய்தல், தையல், தச்சு முதலிய கைத்தொழில்களைப் பழக்கினர். இளைஞர்க்குக் கணிப்பொறிப் பயிற்சியும் அளித்தனர். மண்சுவரும் கீற்றுக் கூரையுமாய், மழையில் கரைந்தும் கோடையில் எரிந்தும் போன குடிசைகளுக்கு ஈடாகச் செங்கல் வீடுகள் எழுப்பும் பணியிலும் இறங்கினர். ஒரு தீக்குச்சிக்கு அஞ்சாத சுவர் வேண்டும் என்பது நம் வட்டத்தில் வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று என்பதைக் கீழ்வெண்மணியை நினைவார் உணர்வர்.

உவர்நீர் புகுந்தது

1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் புதியதோர் இடையூறு நேர்ந்தது. வெளிநாட்டு ஏற்றுமதிக்கென இறால் வளர்க்கும் பெருங்குட்டைகள் நம் கடற்கரையில் தோன்றின. நெல் வயல்கள் குட்டைகளாயின. உவர்நீர் கசிந்து அண்டை வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. வயலில் பலர்க்கு வேலை. குட்டைக்கோ சில காவலாளரே போதும். அரும்பாடுபட்டு வாங்கிய ஓர் ஏக்கரும் உப்புக்கு இரையாகும் நிலை வந்தது.

எண்பது வயதை அணுகிய ஜகந்நாதன் அவர்கள் மீண்டும் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். உச்ச நீதிமன்றத்திலும் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் மரபு வழிப்பட்டவை ஒழிந்த இறால் குட்டைகள் கூடா என்றும், கெடுத்தவரே கேட்டிற்கு ஈடு செய்தல் வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. பின்னர் 2005-ல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, குட்டைகள் உரிமம் பெற்று நடக்கும் வழி திறக்கப்பட்டது. ஆதலின் வெற்றி முழுமையானதன்று. எனினும் ஏழையின் வயலுக்கும் நாட்டின் உயர்ந்த மன்றத்தில் வாய் உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2018-ஆம் ஆண்டு கஜா புயலும் நம் ஜில்லாவை எவ்வாறு வருத்தின என்பதை நீவிரே கண்டீர். ஜகந்நாதன் அவர்கள் 2013-ல் தம் 98-ஆம் வயதில் காலமானார். அம்மையார்க்கு அரசினர் 1989-ல் பத்மஸ்ரீயும், 2020-ல் பத்மபூஷணும் அளித்தனர்.

ஐயமும் விடையும்

இனி, கற்றறிந்தார் எழுப்பும் ஐயங்களை மறைக்காது எடுத்துரைப்போம்.

மூன்று மா நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்குமா என்பது முதல் ஐயம். அதை மட்டும் நம்பிப் பிழைக்காது. ஆனால் அது பிறிதொன்றைச் செய்யும். வீட்டில் ஆறு மாதத்திற்கு அரிசி இருக்குமானால், கூலி பேசுங்கால் தலை நிமிரும். 'வெளியேறு' என்று சொல்ல ஒருவரும் இலர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஓராண்டு பொறுக்க இயலும். இந்நிமிர்வின் விலையை மரக்காலால் அளக்க இயலாது.

உச்சவரம்புச் சட்டத்தால் இனாமாய்ப் பெறவேண்டிய நிலத்தை ஏழை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது இரண்டாம் ஐயம். இது வலிய வினா. செங்கொடி இயக்கத்தார் இதனைக் கேட்டனர். கேட்பதற்கு அவர்க்கு உரிமையும் உண்டு. கூலிக்கும் மானத்திற்கும் முதலில் போராடியவர் அவர்களே. ஏழையின் தலையில் கடன் ஏறியதும் உண்மையே. ஆயினும் சட்டம் தேடிய நிலம் வழக்கு மன்றங்களில் உறங்கிய காலத்து, விலைக்கு வாங்கிய நிலத்தில் கதிர் முற்றிவிட்டது. இரண்டு வழியும் வேண்டும். ஒன்றனை மற்றொன்றன் பகையாகக் கொள்ளல் வேண்டா. நிலமற்றார் தொகையை நோக்க 13,000 குடும்பம் சிறிதே எனின், ஆம், சிறிதே. ஒரு நாற்றங்காலும் வயலை நோக்கச் சிறிதே.

இக்காலத்து இளைஞர் சேற்றில் இறங்க விரும்பவில்லையே என்பது மூன்றாம் ஐயம். திருப்பூர் ஆலைக்கும் வளைகுடா நாட்டிற்கும் அவர் செல்வதை யாமும் காண்கின்றோம். எம்மிடம் படித்த பிள்ளைகளே சென்றுளர். அறுவடையையும் இயந்திரம் செய்கின்றது. ஆனால் வேர் உள்ளவன் வெளியூர் செல்வதற்கும், வேரற்றவன் வெளியூர் செல்வதற்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் வேண்டுமென்று செல்கின்றான், வேண்டும்போது மீள்கின்றான். பின்னவன் துரத்தப்படுகின்றான். ஆலை மூடிக் கிடந்த பெருந்தொற்றுக் காலமாகிய 2020-ஆம் ஆண்டில், திரும்பி வரத் தன் மண் உடையவனும் இல்லாதவனும் பட்ட பாடு ஒன்றாக இருக்கவில்லை.

நம் கடமை

அன்பர்களே! இத்துணையும் கேட்ட நீவிர், 'நம் சங்கம் நம்மவர் நலத்திற்கென நிறுவப்பட்டது. இதில் நமக்கு யாது தொடர்பு?' என்று எண்ணலாம். தொடர்பு மிக அணுக்கமானது. இவ்வவையில் வீற்றிருப்பாருள் நிலமுடையார் பலர். அவருள் ஊரில் வாழ்வார் சிலர். மற்றையோர் நிலத்தை ஆண்டுக்கொரு முறை பார்த்து, தொலைபேசியில் குத்தகை பேசி, அடுத்த தலைமுறைக்கு அதனை எவ்வாறு பங்கிடுவது என்ற கவலையில் உளர். விற்பனைப் பேச்சு நடவாத வீடு நம்மிடையே சிலவே. ஆதலின் இஃது அயலார் கதையன்று. நம் பெட்டியிலுள்ள பத்திரத்தின் கதையேயாம். எனவே மூன்று வேண்டுகோளை அவைமுன் வைக்கின்றோம்.

முதலாவது: விற்பது என்று முடிவு செய்தவர், மனைத் தரகரையும் குட்டைக்காரரையும் அழைப்பதற்கு முன், அந்நிலத்தைத் தலைமுறையாய் உழுத குடும்பத்தாரை அழைத்து, 'உங்களால் இயலுமா?' என ஒரு வார்த்தை கேட்டல் வேண்டும். இயலுமெனின் தவணை கொடுத்தல் வேண்டும். இனாமாய்த் தருக என்று யாம் கூறவில்லை. நியாய விலைக்குத் தருக என்கின்றோம். தாழ்த்தப்பட்ட வகுப்பு மகளிர் நிலம் வாங்க மானியம் அளிக்கும் 'நன்னிலம்' என்னும் திட்டத்தை 2023-ல் தமிழ்நாட்டு அரசினர் கொணர்ந்துள்ளனர். படிக்கத் தெரிந்த நம் இளைஞர் விண்ணப்பம் எழுதித் தந்தாலே ஒரு குடும்பம் கரையேறும். அதற்குச் சங்கத்தின் பணம் ஒரு காசும் வேண்டா.

இரண்டாவது: நம் வீட்டுப் பெண்களின் பெயரிலும் நிலம் எழுதப்படுதல் வேண்டும். மகளுக்கும் மூதாதையர் சொத்தில் மகனோடு ஒத்த பிறப்புரிமை உண்டெனத் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-லேயே கூறிற்று. 2005-ல் நாடு முழுமைக்கும் அது சட்டமாயிற்று. ஆயினும் கல்யாணத்தில் நகை செய்தாயிற்று என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் நம்மிடை இன்னும் ஒழியவில்லை. கூத்தூரிலிருந்து எழுந்த முயற்சி குடிசைப் பெண்ணுக்கு அளித்த மதிப்பை நாம் நம் உடன்பிறந்தாளுக்கு அளிக்கவில்லையெனின், நம்மை உயர்ந்தோர் எனச் சொல்லிக்கொள்ளுதல் எங்ஙனம்?

மூன்றாவது: சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியை நம்மவரல்லாத உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்குதல் வேண்டும். ஆண்டு விழாவின் பந்தலையும் இலையையும் சிறிது சுருக்கினால் அதற்கு வழியுண்டு. கிருஷ்ணம்மாள் என்னும் ஏழைச் சிறுமிக்குச் சௌந்தரம் அம்மையார் கை கொடுத்தார். சாதி கேட்டுக் கொடுக்கவில்லை. அவ்வொரு சிறுமியின் கல்வி 13,000 வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. எப்பிள்ளையினிடத்து எது மறைந்துள்ளது என்பதை ஆசிரியர் தொழிலில் நெடுங்காலம் இருக்கும் யாமும் முன்னறிந்து கூற வல்லேமல்லேம். ஆதலின் எப்பிள்ளையையும் விலக்காமையே அறிவுடைமை.

சாதிச் சங்கங்கள் தோன்றிய காலத்தில் அவை கல்வி விடுதி கண்டன; கைம்பெண்களுக்கு உதவின; வீண் செலவைக் கண்டித்தன. அவை தலைமடையை ஒத்தவை. தலைமடையார் தம் வயல் நிரம்பிய பின் மடையைத் திறந்து விடுவரேல், கடைமடையும் விளையும்; அடைத்தே வைப்பரேல், தம் பயிரும் அழுகும், அண்டை வயலும் காயும். நீரின் இயல்பு அது. கல்வியின் இயல்பும் செல்வத்தின் இயல்பும் அதுவே. கடைமடையில் பிறந்து, நீருக்கு ஆண்டுதோறும் கைகூப்பி நிற்கும் நமக்கு, இதனைப் பிறர் வந்து போதிக்க வேண்டுவதில்லை.

இவ்வேண்டுகோள்களுள் ஒன்றையேனும் அடுத்த செயற்குழுவில் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.  பருவமழை தப்பாது பெய்க! கடைமடை எங்கும் நீர் நிறைக! உழுதவர் வீட்டுக் குதிரிலும் நெல் நிறைக!